நான் போடாத கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் மூச்சுக்கும் குறைவில்லாமல் சண்டைக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம்ம குட்டிக் குழந்தை கடுகும் கடவுள் கைக்குள் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்திக்கு முழங்கால் வலி, அதனால் வாய்க்கு ஓய்வு என்று நினைத்துவிடாதே. எனக்கு வேலை தலைக்கு மேல். போன வாரம் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் நடுவழியில் நின்றுவிட, கம்பெனி இன்ஜினியர்கள் மூன்று பேர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள், நான் போய்க் காதை வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிட்டேன். மூன்று பேர் இல்லை, ஒருவர்தான், அவரும் டீ குடிக்கப் போயிருந்தார். இன்றைக்கு உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பழக்கதோஷம், முதல் பத்தியிலேயே கை வழுக்குகிறது.

நேற்று நீ போனில் சொன்னதெல்லாம் காதிலேயே நிற்கிறது. கடுகுக்கு இதயத்தில் ஓட்டை, வெள்ளிக்கிழமைக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், செய்தாலும் பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். மாப்பிள்ளை முடிவை உன்னிடம் விட்டுவிட்டார், நீ என்னிடம் விட்டாய். அம்மாவுக்கு அன்னிக்கு நீங்க கத்தியை நம்பாம கடவுளை நம்பினீங்கள்ல சித்தப்பா, அந்த நெஞ்சுறுதி எனக்கும் வேணும், ஒரு வார்த்தை சொல்லுங்க, சம்மதப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன் என்றாய். நானும் ஆகட்டும்மா, வேண்டிக்கறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பொய்தான் சரளமாக வரும். எழுதும்போது ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதுவதால் பொய் முந்திக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள்.

நீ கேட்டு வளர்ந்த கதை என்ன? ஏழு டாக்டர்கள் சுற்றி நின்று வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்கள், நான் படிவத்தை அவர்கள் முகத்திலேயே எறிந்து என் டாக்டர் மேலே இருக்கிறார் என்றேன், உன் அம்மா மூன்று நாள் சிரித்த முகமாக இருந்து வலியில்லாமல் கண்ணை மூடினாள், கத்தி வைத்திருந்தால் மேஜையிலேயே போயிருப்பாள். இதுதானே. உண்மையில் இருந்தது ஒரே டாக்டர், சின்னப் பெண், இரண்டு நாளாகத் தூங்காத கண். குடல்வால் வெடிச்சிடுச்சு, இப்பவே திறந்தா காப்பாத்திடலாம், உங்க அண்ணன் இல்லாத வீடுன்னா நீங்கதான் கையெழுத்துப் போடணும் என்றாள். காப்பாத்திடலாம் என்றுதான் சொன்னாள், பாதிக்குப் பாதி என்றெல்லாம் சொல்லவில்லை. மூன்று தடவை வந்து கேட்டாள். படிவத்தில் எனக்குப் படிக்க வந்த ஒரே வரி, உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் யாரும் பொறுப்பல்ல என்பது. அண்ணி போய்விட்டால் நீ போட்ட கையெழுத்துதான் கொன்றது என்று ஊர் சொல்லுமே என்று பயந்தேன். அதை வெளியே சொல்ல வெட்கம். கடவுள் பார்த்துக்குவார் என்றேன். அந்த நிமிஷத்தில் நான் கடவுளை நினைக்கவே இல்லை மகளே. பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்து அவர் தலையில் கட்டினேன்.

அண்ணி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம். பேனாவைப் பிடிக்க அவர் கைக்குத் தெம்பில்லை. போட்டுடுங்க தம்பி, பாப்பா சின்னது என்று என்னிடம் கேட்டார். உன்னைத்தான் சொன்னார், உனக்கு நாலு வயசு. நான் வராந்தாவுக்குப் போய்க் கண்ணை மூடி நின்றேன், பார்த்தவர்கள் வேண்டுகிறான் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் முடிந்தது. அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் அந்தக் கதையை வீடு வீடாகச் சொன்னேன், நாலு வருஷத்துக்கு ஒரு டாக்டர் கூடினார். நேற்று சித்தியிடம் உண்மையைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவே இல்லை. எனக்கு அப்பவே தெரியும், நீங்க கதையை ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் எழுந்து போனது தண்ணி குடிக்கன்னா நினைச்சீங்க என்றாள்.

என் தொழிலில் நான் இப்படி இருந்ததே இல்லை. லிப்டுக்குப் புதுக் கம்பி வடம் மாற்றினால் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி, இன்னொரு முறை முறுக்கி, அப்புறம் கடவுளே என்று சொல்லி முதல் ஆளாக நானே ஏறி மேலே போவேன். முறுக்காமல் வேண்டிக்கொண்டு ஏறுகிறவன் முட்டாள், முறுக்கிவிட்டு ஏறாமல் கீழே நிற்கிறவனுக்கு நம்பிக்கை இல்லை. இது தெரிந்த கைதான் அன்றைக்கு ஒரு கையெழுத்துப் போட மறுத்தது.

அதனால் கேள். கடவுளை நம்பு, நன்றாக நம்பு, நம்பிக்கொண்டே கையெழுத்துப் போடு. போட்ட பிறகும் குழந்தை போய்விடலாம், அதை நான் இனிப்புத் தடவிச் சொல்லப்போவதில்லை. அந்தப் பயம் போகப் போகப் பழகும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் போட்டு இழந்தவளுக்கு அழ உரிமை உண்டு. போடாமல் இழந்தவன் என்ன ஆவான் என்றால், என்னைப் போலக் கதைசொல்லி ஆவான். உன் அம்மாவைக் கொன்ற கதையை உனக்கே தாலாட்டாகச் சொல்லித் தூங்கவைத்தவன் நான். நீ என்னை வெறுப்பாய், வெறுக்கத்தான் வேண்டும். அதற்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த வேலையைத் தொடாதே.

சித்தி உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம் சொல்கிறாள், என்னுடையதை வேண்டுமானால் எடுத்துக்கொள், வேண்டாமென்றால் விடு, கடுகுக்கு மட்டும் மறுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. படிவத்தை முழுக்கப் படி, புரியாத வரியை டாக்டரிடம் கூச்சப்படாமல் கேள், நான் கேட்கவில்லை. போட்டதும் எனக்குச் சொல்ல வேண்டாம், சித்திக்குச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா கேட்டும் கையெழுத்துப் போடாத
சித்தப்பா