பேச்சை நிறுத்த ஒன்பது கைகள்

நண்பா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சட்டையில் உன்னுடையதைப் போலவே மெஷின் கூலன்ட் எண்ணெய் வாசனை. வெளியே ஓசூர்ப் பனி. அதற்குள் ரோஜாத் தோட்டக் கொட்டகைகள் மிதந்துபோயின. அரைத் தூக்கத்தில், நீதான் வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று நினைத்தேன். நீ எங்களை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

பஸ்ஸே கிரிக்கெட் பார்க்கும்போது நீ மட்டும் கைபேசியில் அமெரிக்க மேல்சபையான செனட்டைப் பார்ப்பாய். "நீதிபதியா ஒருத்தர் பேரை ஜனாதிபதி சொல்லுவாரு. செனட் ஒத்துக்கணும். புடிக்காதவன் எந்திரிச்சுப் பேசிக்கிட்டே இருப்பான், ஓட்டெடுக்கவே முடியாது. நூறு பேர்ல அறுபது பேர் போதும்னு சொன்னாத்தான் பேச்சு நிக்கும்" என்பாய். பிறகு நீதிபதிகள் விஷயத்தில் பாதிக்கு மேல் இருந்தாலே பேச்சை நிறுத்தலாம் என்று மாற்றிவிட்டார்களாம். "மொதல்ல ஒரு கட்சி மாத்துச்சு. மிச்சத்த அடுத்த கட்சி மாத்துச்சு" என்று முகம் வாடுவாய். எனக்கு அதைக் கேட்டால் நன்றாகத் தூக்கம் வரும்.

அப்புறம் என் வேலைக்கே வேட்டு வந்தது. மெஷினை உடைத்தேன் என்று பழி. நம் ஆலை வழக்கப்படி விசாரணை அதிகாரி பெயரை நிர்வாகம் சொல்லும். நீ இருந்த தொழிற்சங்கக் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் சொன்ன ஆளோ, விசாரிக்கும் முன்பே "அவனை வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று கேன்டீனில் சொன்னவர். கமிட்டியின் பதினைந்து பேரில் எட்டுப் பேர் அவர் பக்கம். அந்த எட்டு ஓட்டே அவருக்குப் போதும். ஆனால் ஒருவர் பேசும்போது நிறுத்த ஒன்பது கை வேண்டும். யாரும் தொடாத அந்தச் சங்க விதியை நீ கரைத்துக் குடித்திருந்தாய்.

கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தாய். தமிழில் தொடங்கி, விஷயம் தீர்ந்ததும் உன் வீட்டுத் தெலுங்குக்குப் போனாய், அப்புறம் கன்னடம்.

"ஒரே பாஷையில பேசுப்பா" என்றார் சங்கத் தலைவர்.

"மூணு பாஷைக்காரங்களும் இருக்காங்க இல்ல? எல்லாருக்கும் புரியணும்."

கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர், தக்காளி விலை, களி கிண்டும் பக்குவம் எல்லாம் வந்தன. எட்டுக் கைகள் உயர்ந்து உயர்ந்து இறங்கின. ஷிப்ட் பஸ் கிளம்பும் நேரமாகிவிட, ஓட்டெடுக்காமலே கூட்டம் கலைந்தது. அடுத்த வாரம் நிர்வாகம் வேறு பெயர் சொன்னது. அவர் விசாரித்து, மெஷினில் முன்பே விரிசல் இருந்தது என்று எழுதினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உன் வாயால் நான் பிழைத்தேன். அழுதுகொண்டு வந்து நின்றேன். "தொண்டை கட்டிப்போச்சு, டீ வாங்கிக் குடு" என்றாய்.

கமிட்டியில் உன் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். போன வாரம் இன்னொரு விசாரணை. நிர்வாகம் சொன்னவர் தங்கமான மனிதர், எனக்குத் தெரியும். கமிட்டியில் இருக்கும் பெயின்ட் பிரிவுப் பெண் ஒருத்தி அவர் வேண்டாம் என்று எழுந்து பேசத் தொடங்கினாள். அவள் சொன்ன எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. பேசினாள், பேசினாள், தலை வலித்தது. எட்டுக் கைகள் உயர்ந்தன. ஒன்பதாவது கைக்காக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உன்மேல் கோபம்கூட வந்தது, நண்பா. கையை மடியிலேயே வைத்திருந்தேன்.