உன் எண்ணில் பேசும் வேறொருத்தி

உன் மடிக்கணினியைத் திறந்தால் விசைகளின் இடுக்கில் இன்னும் பீங்கான் மண்ணின் வெள்ளைப் பொடி இருக்கிறது. சூளைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து நீ ஆர்டர்களைப் பதிந்த காலத்துப் பொடி. கேமராக் கண்ணின் மேல் நீ ஒட்டிய பிளாஸ்திரி காய்ந்து ஓரம் சுருண்டுவிட்டது.

அதைப் பார்த்து எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். "அந்த ஓட்ட வழியா உன்ன யாரு பாக்கப் போறான்?" என்பேன். "கட்டுன புருசனே பாக்கறதில்ல, கண்டவனும் பாக்கட்டும்னு வுட்டுடுவேனா?" என்பாய். கடவுச்சொல்லில் என் பெயர் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "திருடன் மொதல்ல அதத்தான் போட்டுப் பாப்பான். அதுக்கு வேற ஆளப் பாருங்க."

தொண்டையில் அறுவை சிகிச்சை என்று முடிவானதும், குரல் போய்விடும் என்று தெரிந்ததும், மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்காகப் பேசிப் பதிவு செய்தாய். அவள் கல்யாணத்துக்கு ஒன்று, பிள்ளை பெறும்போது கேட்க ஒன்று, சும்மா திட்டுவதற்கு ஒன்று. எல்லாவற்றையும் இணையத்தில் உன் கணக்கில் பூட்டினாய். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் கடவுச்சொல்லை என் காதில் சொன்னாய். "இது பாதிதாங்க. திறக்கும்போது என் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதையும் போட்டாத்தான் தொறக்கும்" என்றாய். நான் தலையாட்டினேன். உன் போன் உன் தலைமாட்டில்தான் இருந்தது.

உன் காரியம் முடிந்த அன்று அந்தப் போனை உன் தம்பி எடுத்துக்கொண்டு போனான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன் பெண்டாட்டிக்குக் கொடுத்தான். நான் சிம்மைக் கேட்டபோது பல்லைக் காட்டினான்: "அதுவா மாமா? செத்தவங்க நம்பருக்கு யாராச்சும் ரீசார்ஜு போடுவாங்களா?" அவன் வீட்டு வாசலை அதன்பின் நான் மிதிக்கவில்லை. மிதிக்கவும் மாட்டேன்.

போன வாரம் சென்னையிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா குரலு மறந்துகிட்டே வருதுப்பா. எப்பிடிப் பேசுவாங்கன்னு நெனச்சா என் குரல்தான் கேக்குது" என்று அழுதாள். அன்றே உன் கணினியின் முன் உட்கார்ந்தேன். நெடுநாள் திறக்காததால் கணக்கு விரைவில் அழிக்கப்படும் என்றது திரை. கடவுச்சொல்லைப் போட்டேன். உன் எண்ணுக்குச் சரிபார்ப்பு எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது.

உன் எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். மங்கலம்பேட்டையாம், புதுசாக வாங்கிய சிம்மாம். எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "பாவமாத்தான் இருக்குது அண்ணே. ஆனா ஓடிபி யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு சவுதியிலேர்ந்து படிச்சிப் படிச்சிச் சொல்லியிருக்காரு. தப்பா நெனைக்காதீங்க." வைத்துவிட்டாள். மறுநாள் அடித்தால் என் எண்ணைத் தடுத்து வைத்திருந்தாள்.

கல்லூரியில் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவன் நான். உண்மையைச் சொன்னேன், கதவைச் சாத்தினார்கள். உலகத்துக்கு எது வேண்டுமோ அதையே கொடுப்போம் என்று வெறி வந்தது. வேறொரு சிம்மைப் போட்டேன். கடவுச்சொல்லை அடித்தேன். சரிபார்ப்பு எண் போனதும் அவளைக் கூப்பிட்டு, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு சொன்னேன்: "கூரியர்லேர்ந்து பேசறோம்மா. சவுதி பார்சல் ஒண்ணு வந்திருக்குது. ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க."

"யா அல்லா, அனுப்பிட்டாரா! பாப்பாவுக்கு வாட்ச்சு அனுப்பறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இருங்க இருங்க, கண்ணாடி எடுத்துக்கறேன்." பின்னால் ஒரு குழந்தை கத்தியது. "நாலு... ஒம்போது... ஒண்ணு..."

என் விரல் விசையின் மேல் இருந்தது. இன்னும் மூன்றே எண்கள். அதற்குள் என் வாயிலிருந்து வந்தது நான் நினைத்த வார்த்தை இல்லை. "சொல்லாதம்மா! எவன் கேட்டாலும் சொல்லாத! பார்சல்னா சொல்லிடுவியா? அறிவில்ல?" என்று கத்தினேன். போனில் எவனோ கேட்டதற்கு நான் பதில் சொன்னால் என்னைப் பார்த்துக் கத்துவாயே, அதே கத்தல்.

அந்தப் பக்கம் குழந்தையை அதட்டி அடக்கினாள். "நீங்க... அன்னிக்கிப் பேசின அண்ணன்தானே?"

விசையிலிருந்து விரலை எடுத்தேன்.

"அப்போ பார்சலு வரலியா?"

"இல்லம்மா."

வைத்துவிட்டாள். இந்த எண்ணையும் தடுத்திருப்பாள். தடுக்கத்தான் வேண்டும். திரையில் நேரம் முடிந்துபோனது.

நாலு, ஒன்பது, ஒன்று. எதற்கும் உதவாத எண்கள். பேருந்தில் போகும்போதும் வகுப்பில் நிற்கும்போதும் வாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மீதியைக் கேட்டிருந்தால் இந்நேரம் நம் பெண்ணின் காதில் நீ பேசிக்கொண்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடுவாள். அம்மா இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பாள் என்று அவளிடம் நான் எந்த வாயால் சொல்வேன்?