ஏறிக்கொண்டே போகும் வரி

நவம்பர் 4, திங்கள்
கணக்கு மதிப்பெண் வெள்ளிக்கிழமைதான் சொல்வார்களாம். கடைசிப் பக்கத்தை வெறும் தாளாகக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு அதுவரை தாங்குமா? பள்ளி சர்வரில் கணக்கு டீச்சரின் ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே என்னென்ன கோப்பு என்று காட்டாது. சரியான பெயரைச் சொன்னால் மட்டும் திறக்கும். பெயர்களை ஒவ்வொன்றாக ஊகித்துக் கேட்க ஒரு நிரல் எழுதி ஓடவிட்டேன். சர்வரை அணைத்துப் போட்டாலும் தானே மறுபடி ஓடும். பெரிய கெட்டிக்காரி நான்.

நவம்பர் 5, செவ்வாய்
சர்வர் உறைந்துவிட்டது. என்னால் இருக்காது.

நவம்பர் 6, புதன்
மறுபடியும். செய்முறைத் தேர்வு தள்ளிப்போனது. லேபைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கறுப்புத் திரையில் ஸ்லாப்டாப் என்று ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். சர்வரின் உள்மூளையான கெர்னல் தன் நினைவகத்தை எதெதற்கு எடுத்துக்கொள்கிறது என்று வரிவரியாகக் காட்டுமாம். மூன்று விநாடிக்கு ஒருமுறை எண்கள் மாறின. மற்றதெல்லாம் நின்ற இடத்தில் நிற்க, முதல் வரி மட்டும் ஏறிக்கொண்டே போனது. டென்ட்ரி.

"பாருடி, தீனி போட்ட மாதிரி ஊதுது!" என்றாள். "கோப்புப் பேரை ஞாபகம் வெச்சுக்கற இடமாம். இல்லாத பேரைக் கேட்டாக்கூட, 'இது இல்லை'ன்னு அதையும் குறிச்சு வெச்சுக்குமாம். இது நெரம்பித்தான் சர்வர் உறையுது போல. யாரு இத்தனை பேரைக் கேக்கறா?"

நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன். அது கட்டித்தான் இருந்தது.

நவம்பர் 7, வியாழன்
நிரலை நிறுத்தப் போனேன். லேபுக்குள் மாணவர்களை விடவில்லை. கதவருகே நின்று கேட்டேன். தலைமை ஆசிரியையின் குரல்: "நீ புதுசு புதுசா எதையோ போட்டுப் பார்க்கறே, அதான் கெட்டுப்போச்சு. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

"மேடம், அது பார்க்க மட்டும்தான் செய்யும். எதையும் தொடாது."

யார் காதில் விழுந்தது?

சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அக்காவை. போர்வைக்குள் டார்ச்சோடு எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா புரள்கிறாள் — ஐயோ, முழிச்சிட்டாளா? இல்ல.

நவம்பர் 8, வெள்ளி
நாற்பத்தொன்று. பாஸ். இதுக்கா? இதுக்காடி இவ்வளவும்?

நவம்பர் 10, ஞாயிறு
வயிற்று வலி என்று சொல்லிச் சாப்பிடவில்லை.

நவம்பர் 11, திங்கள்
மதிய மணி அடித்ததும் திறந்திருந்த லேபுக்குள் ஓடினேன். அக்கா தன் நீலக் கோப்பையைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஸ்லாப்டாப் போடுங்க."

"எதுக்குடி? அழுது முடிச்சாச்சு."

"போடுங்கக்கா."

பக்கத்துக் கணினியில் என் பெயரில் நுழைந்து நிரலை நிறுத்தி, அழித்தேன். மூன்று விநாடி. இன்னும் மூன்று. டென்ட்ரி அசையவில்லை. அக்கா திரையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"நீயா?"

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கையைத்தான் பிடித்தாள். வலித்தது.

"நான் சொல்ல மாட்டேன். வா, மேடம்கிட்ட நீயே சொல்லு. நான் வாசல்ல நிக்கறேன்."

நவம்பர் 13, புதன்
மூன்று மாதம் லேப் பக்கம் போகக் கூடாது. அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீடு வரும்வரை அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பள்ளியை விட்டுக் கிளம்பும்போது லேப் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேன்: அக்காவின் நீலக் கோப்பை மேசைமேல் இருக்கிறது.

இப்போது அம்மா என் போர்வையை விலக்கினாள். உயிரே போய்விட்டது.

"கண்ணு கெட்டுடும். விளக்கைப் போட்டுக்கிட்டு எழுதுடி."

போட்டேன்.