ஞாயிறுக்கும் திங்களுக்கும் நடுவில்

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குண்டசாலையில் இந்த மாதம் வெயிலே இல்லை. மகன் கவினின் சட்டைகளைக் கதிரைகளில் விரித்து ஃபேனைப் போட்டேன். வீடு முழுக்க ஈர வாடை.

வேலை: தோட்டச் சம்பள மென்பொருள். சம்பள நாளைக் கணக்கிடும் பகுதி என் பொறுப்பு. எல்லா மாதமும் சரி. அடுத்த வருஷத்தில் ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் விடை வருவதில்லை. வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும், தகுதிகாண் காலம் அன்றோடு முடிகிறது.

சாப்பிடும்போது சுரேஷ், "அது என்னா, டிபக்கர் டிபக்கர்னு முணுமுணுக்கிற?"

"புரோகிராம ஓட விட்டு எங்க தடுக்கி விழுதுன்னு பாக்குறதுங்க."

"நம்ம பொடியன் மாதிரி."

சிரித்தேன். அதற்குள் நாவலப்பிட்டியிலிருந்து மாமி, சுரேஷின் அம்மா, போன் எடுத்தார். "என்னா மருமகளே, புள்ள கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. சனிக்கிழமை வாறேன். அவன என்னோட அனுப்பு, இல்லாட்டி வேலைய விடு. ரெண்டுல ஒன்னு."

சுரேஷ் பருப்பைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

வேலை நிரந்தரமானால் மாமியின் வாய் அடங்கும். பிள்ளையையும் வைத்துக்கொண்டு முடியும் என்று காட்டிவிடலாம். வெள்ளி வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஒக்டோபர் 15, புதன்

மழை விட்டது. பால்மா முடியப்போகிறது, சுரேஷிடம் சொல்ல வேண்டும்.

இன்றைய நாள், டிபக்கர் பட்டன்களின் கணக்கில்: பச்சை அம்பு, ஓட்டம். அழுகை. சிவப்புச் சதுரம், நிறுத்தம். கஞ்சி. வட்ட அம்பு, மறுபடி முதலிலிருந்து. அழுகை. சிவப்பு. கழுவித் துடைத்து, பச்சை. தூங்கினான் என்று நினைத்தேன். சிவப்பு.

எழும்பும்போதெல்லாம் நிறுத்திவிட்டுத்தான் எழும்புவேன், அடுப்பை அணைப்பது போல. ஒரு தடவை அப்படியே விட்டுப்போக, கவின் தவழ்ந்து வந்து கீபோர்டில் இரண்டு கையாலும் தாளம் போட்டுவிட்டான். அன்றிலிருந்து பயம்.

பழைய லெப்டொப். ஓட்டினால் இரைகிறது, சுடுகிறது. மெதுவாக ஓடுகிறது போல, இன்னும் கொஞ்சம் விட்டால் விடை வந்துவிடும். அந்த இன்னும் கொஞ்சம்தான் கிடைப்பதில்லை.

கொழும்பிலிருந்து ரமணன் அண்ணா போன் எடுத்தார், எங்கள் குழுவுக்குப் பொறுப்பானவர். நடுவில் கவின் வீறிட்டான். "பிள்ளையப் பாத்திட்டு வாங்கோ, நான் லைன்ல நிக்கிறன்" என்றார். நல்ல மனிதர். அதுதான் கூசியது. கடைசியில், "வெள்ளிக்கிழமை பெரியாக்களும் இருப்பினம். வேலை செய்யிற மாதிரி ஏதாவது காட்ட வேணும் தங்கச்சி."

தலை வாரவில்லை இன்று.

ஒக்டோபர் 16, வியாழன்

கவின் கட்டிலிலிருந்து விழுந்தான்.

இங்கே பச்சை அம்பை அழுத்தினேன், அங்கே தொம் என்று சத்தம். ஓடினேன். உதடு கிழிந்து இரத்தம், சட்டையெல்லாம். என் பிழை. தலையணை வைக்க மறந்தேன். பால் கொடுத்து, தோளில் போட்டு நடந்து, கூடவே நானும் அழுது, அவன் அடங்கவே மத்தியானமாகிவிட்டது.

திரும்பி வந்தால் லெப்டொப் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. நிறுத்தாமலே ஓடியிருக்கிறேன். இத்தனை நேரமா? இது மெதுவில்லை.

தோளில் அவன். ஒரு கைதான் மிச்சம். சிவப்பைத் தொடவில்லை. பக்கத்தில் இரண்டு கோடு, ஓடுவதை ஓடிய இடத்திலேயே நிற்க வைப்பது. இந்த வேலையில் அதை நான் தொட்டதே இல்லை.

நின்றது. ஞாயிறு 9. ஒரு அடி நகர்த்தினேன். திங்கள் 10. இன்னொரு அடி. ஞாயிறு 9. திங்கள். ஞாயிறு.

சம்பளம் பத்தாம் திகதி. ஞாயிறு வந்தால் மறுநாளுக்குத் தள்ளு, அது கம்பனி தந்த விதி. போயா, பௌர்ணமி விடுமுறை, வந்தால் முந்தின நாளே கொடு, அது நான் சேர்த்தது. யாரும் கேட்கவில்லை. ஹுன்னஸ்கிரியவில் அப்பா வேலை செய்த தோட்டத்தில் அப்படித்தான், போயாவுக்கு முந்தின நாளே சம்பளம் கைக்கு வந்துவிடும். கொழும்புக்காரர்களுக்கு இது தெரியுமா என்று பெருமையாக எழுதினேன். அந்த மாதம் பத்தாம் திகதி திங்கள், போயாவும் அன்றுதான். திங்கள் பின்னால் தள்ளுகிறது, ஞாயிறு முன்னால் தள்ளுகிறது.

முதலில் சிரிப்பு வந்தது.

மறுநாள் போயா என்றால் ஞாயிறும் பின்னாலேயே போகட்டும் என்று மாற்றினேன். ஓட்டினேன். விடை: சனி.

ஒக்டோபர் 17, வெள்ளி

கவினை மடியில் வைத்துக்கொண்டே காட்டினேன். உதடு வீங்கியிருந்தது, அது தெரியாதபடி கெமராவை மேலே தூக்கி வைத்தேன். ரமணன் அண்ணா, "வடிவா வந்திருக்கு. இனி நீங்கள் எங்கட நிரந்தர ஆள்."

சுரேஷ் வந்ததும் சொன்னேன். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். கடைக்குப் போய் இனிப்புக்குத் தொதல் வாங்கி வந்தார். பிறகு கவினின் உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப லேசாப் போச்சு. வேல நிச்சயம்னா புள்ள எங்கம்மாக்கிட்ட இருக்கிறதுதான் நல்லது. நாளைக்கே கூட்டிட்டுப் போகட்டும்."

தோற்றிருந்தால் வேலை போயிருக்கும். ஜெயித்ததால் பிள்ளை போகிறான்.

தொதல் அப்படியே இருக்கிறது.

ஒக்டோபர் 18, சனி

வெயில். மாமி பெரிய பை ஒன்றோடு வந்தார். வெறும் பை, கவினின் உடுப்புக்கு. உதட்டைப் பார்த்தார். "இதுக்குத்தானே சொன்னேன்!"

பையை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தேன். "அவன் வரமாட்டான் மாமி. வேலையும் விடமாட்டேன். நீங்க இங்க இருங்க."

"நானா? என் கோழிகள யாரு பாப்பா? ஒங்க மாமாவுக்குச் சுடுதண்ணி வைக்கவே தெரியாது!"

சுரேஷ் தரையைப் பார்த்தபடி, "இருங்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாமி கவினைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "போயா வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல கேக்காத."

பின்னேரம் லெப்டொப்பைத் திறந்தேன். பச்சை அம்பு. பக்கத்து அறையில் கவின் அழத் தொடங்கினான். விரல் தானாகச் சிவப்புச் சதுரத்துக்குப் போய்விட்டது. "வாடா ராசா, ஒங்கம்மா இங்கதான் இருக்கா, எங்கயும் ஓடிற மாட்டா" என்று மாமியின் குரல். அழுகை நின்றது.

விரல் அங்கேயே இருந்தது. அழுத்தவில்லை. எடுக்கவும் முடியவில்லை.