கயிற்றின் மறுமுனை

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

எஸ்டேட்டின் தேயிலை ஃபாக்டரிக்குப் பின்னால் மூடுபனி இறங்கினால், இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வேறு உலகம் திறக்கும். அது எங்கள் ரகசியச் சங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே போவார்கள். கயிறு நழுவினால் திரும்ப வழியில்லை. வெளியே நின்று அதைப் பிடிப்பது எப்போதும் நான்.

இன்று கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். தலைவர் டேவிட் அண்ணன் தடுத்தார்.

“உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? சும்மா கயிறு புடிக்கிற வேலைதானே, அதைப் பாரு.”

“சும்மாதானுங்கண்ணா. இன்னைக்கு நீங்க புடிங்க.”

முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மரங்களுக்கு நடுவே கயிறு தீரும்வரை நடந்தேன்.

திரும்பி வந்தபோது அவருடைய உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

என் கால்விரல் இடுக்கில் அந்த உலகத்து நீல மண் ஒட்டியிருக்கிறது. படுக்கை அழுக்கானால் ஆகட்டும். கழுவப் போவதில்லை.