பேர் சொன்ன வாய்

அக்கா,

இன்று காலை நம் தெருவுக்கு ஒரு சுகாதார நர்ஸ் வந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் கக்குவான் இருமல் மறுபடியும் தலைகாட்டுகிறதாம். "வீட்ல யாராச்சும் இருமிக்கினு இருக்காங்களா?" என்று கேட்டாள். கைக்குழந்தையோடு வந்திருக்கும் என் மகள், "இப்ப இல்லீங்க. இருமிக்கினே வந்து என் மூத்த பொண்ண சாகடிச்ச, எங்கப்பா கூடப்பொறந்த அத்தையும் போய்ட்டாங்க" என்றாள். நான் தறியிலிருந்து தலை நிமிரவில்லை.

ஆறு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு மூன்று வாரமாக இருமல். தறிக்குழியில் உட்காருகிறவன் இருமத்தான் செய்வான் என்று வீட்டில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. நர்ஸாக இந்தத் தெருக்களைச் சுற்றிய உனக்குத்தான் உறுத்தியது. பேத்திக்கு முப்பதாம் நாள். தாத்தா காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டாய்.

"அதுக்கு ஊசி போடற வயசே இன்னும் ஆவலடா. சம்பந்தி சொல்லட்டும். நீ எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

"ஒண்ணு பெத்திருந்தா தெரியும் உனக்கு" என்றேன். எப்பேர்ப்பட்ட நாக்கு எனக்கு! நீ ஒதுங்கிக்கொண்டாய். மூன்றாவது தடவை பேர் சொல்லும்போது குழந்தையின் முகத்திலேயே இருமினேன். தறித் தூசி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பத்து நாளில் அது இருமி இருமி நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்ல யாருக்கு இருமல்?" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். "எனக்குத்தான் சார்" என்றாய் நீ. வெளியே வந்து, உனக்கென்று டாக்டர் தந்த மாத்திரையை என் கையில் திணித்தாய். "பொண்ணு நாளைக்கும் உன் மூஞ்சில முழிக்கணும்டா. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறா."

மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. அதன் பிறகு மகள் உன்னைப் படியேற விடவில்லை. எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? உன் மேல் கோபம்கூட வந்தது. யார் உன்னை அவ்வளவு நல்லவளாக இருக்கச் சொன்னது?

வெள்ளிக்கிழமை பேரனுக்குப் பேர் வைக்கிறார்கள். "நீயே காதுல சொல்லுப்பா" என்று மத்தியானம் மகள் குழந்தையை நீட்டினாள். என்னால் வாங்க முடியவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அத்தை செத்தப்ப, அவங்க மூஞ்சிய பாக்கக்கூட வரமாட்டேன்னு ஃபோன்ல சொன்னனே. அப்பவும் சும்மாதான் இருந்தியாப்பா?"

ஆமாம் அக்கா. உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அந்த ஃபோனில் பேசினேன். சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.