வணக்கத்திலேயே முடிந்த பேச்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா? ஹெல்சின்கியில் குளிர்தான், ஆனால் நீங்கள் வாங்கித் தந்த ஸ்வெட்டர் தாங்குகிறது.

நேற்று அலுவலகக் கூட்டத்தில் முதன்முதலாக மேடையேறினேன். ஐந்து நிமிடம்தான் பேச வேண்டும். பயத்தில், பழங்காநத்தம் சங்க விழாவில் நீங்கள் செய்வதுபோல, மேலாளர் முதல் மைக் வைத்தவர் வரை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணங்க ஆரம்பித்துவிட்டேன். இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை. "அம்புட்டு பேருக்கும் வணக்கம் சொல்லியே கூட்டத்த முடிச்சிருவாரு இந்த மனுஷன்" என்று அம்மா சிரிப்பாளே, அதேதான் நடந்தது. விஷயத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

ஆனால் தன் பெயரைக் கேட்டதும் ஒவ்வொரு முகமும் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அப்படியொரு கைதட்டல். மிச்சத்தை அடுத்த வாரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். இன்னொன்றும் வேண்டும். இங்கே எல்லோருக்கும் நான் வெறும் 'அலா'. உங்கள் மேடைக்குரலில் என் முழுப்பெயரை ஒருமுறை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
அலர்மேல்மங்கை